என் வலியைக் கேட்காத கணவர்

மதிப்பிற்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 41. கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை. திருமணமாகிப் பதினாறு ஆண்டுகள். ஒரே மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என் கணவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கெட்டவர் இல்லை, குடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஆனால் எனக்கு மாதவிலக்கு என்று ஒன்று வருவதே தெரியாததுபோல நடந்துகொள்கிறார்.

திருமணமான புதிதில் மாமியார் வீட்டில் மூன்று நாளும் பின்கட்டில்தான் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். 'தூரம்' என்று மாமியார் சொன்னதும் இவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். வலியில் சுருண்டு கிடந்தபோது ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. தனிக்குடித்தனம் வந்த பிறகும் அதே கதைதான். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். 'இன்றைக்கு என்ன டிபன்?' என்று கேட்பார். நாப்கின் தீர்ந்துவிட்டது, வாங்கி வாருங்கள் என்று ஒருமுறை சொன்னதற்கு, 'இதையெல்லாமா என்னிடம் சொல்வாய்?' என்றார். அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. இரண்டு வருடமாக வலி முன்னைவிட அதிகம். கட்டி கட்டியாகவும் போகிறது. அதையும் சொல்லவில்லை.

அலுவலகத்தில் இளம் பெண்கள், 'வீட்டுக்காரரிடம் மனம்விட்டுப் பேசுங்கள் அக்கா' என்கிறார்கள். எங்கே தொடங்குவது? மாமியார் வரும்போதெல்லாம் பூஜை அறைப் பக்கம் போகாதே என்கிறார். இவர் வாயைத் திறப்பதில்லை. அதை எப்படிச் சமாளிப்பது என்றும் சொல்லுங்கள்.

போன வருடம் மகள் வயதுக்கு வந்தபோது பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, சீர்வரிசையோடு சடங்கு நடத்தினார். ஊரைக் கூட்டிச் சொல்ல முடிகிறது. மனைவியிடம் 'வலிக்கிறதா' என்று கேட்க முடியவில்லை. (போன மாதம் மகளுக்குப் பள்ளியில் திடீரென்று வந்துவிட்டது. ஆசிரியையின் போனில் அப்பாவைத்தான் அழைத்திருக்கிறாள். அவர் கடையை மூடிவிட்டு நாப்கினும் மாற்று உடையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். திரும்பும்போது இருவரும் கரும்புச்சாறு குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதில் ஒன்றும் இல்லை, அன்று எனக்கும் ஆடிட் வேலை. பெண்பிள்ளை அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது என்று மட்டும் கண்டித்துவைத்தேன். அதிலிருந்து முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறாள். வயசுக் கோளாறு.)

மறுபடியும் கணவரிடமே வருகிறேன். கல்லைப்போல இருக்கும் மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை வருடம் நான் இப்படிப் புழுங்கியிருப்பேனா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரி,

ஒரு போன் வந்ததும் கடையை மூடிவிட்டு ஓடியவரைக் கல் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சம்பவத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, 'அதில் ஒன்றும் இல்லை' என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதமே அதுதான் என்று படுகிறது.

அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தவரை நீங்கள் சமாளித்துவிட்டீர்கள். 'ஆண்கள் அப்படித்தான்' என்பது ஒருவகை ஆறுதல். அன்று அந்த ஆறுதல் போய்விட்டது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கூச்சமில்லாமல் கடைக்காரரிடம் கேட்டு வாங்கவும் முடிகிறது. பின்கட்டில் சுருண்டு கிடந்த இளம் மனைவிக்குக் கிடைக்காதது அவளுடைய மகளுக்குக் கேட்டவுடன் கிடைத்தது. 'அப்படியானால் எனக்கு ஏன் இல்லை?' போதாக்குறைக்கு, மகள் அவசரத்துக்கு உங்களைக் கூப்பிடவும் இல்லை. வலிக்கத்தான் செய்யும். பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமையா என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நியாயமான கேள்வி அது.

ஆனால் கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் அதைக் குழந்தையின் தலையில் இறக்கிவிட்டீர்கள். பூசி மெழுகாமல் சொல்கிறேன், அது தவறு. 'அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லக் கூடாது' என்று உங்கள் மாமியார் பேத்தியிடம் சொல்லியிருந்தால் அதற்கே ஒரு பக்கம் எழுதியிருப்பீர்கள். 'இதையெல்லாமா' என்று அன்று அவர் உங்கள் வாயை அடைத்தார். இன்று கிட்டத்தட்ட அதே வார்த்தையால் நீங்கள் அவள் வாயை அடைத்திருக்கிறீர்கள். பதறிய நேரத்தில் அவள் நம்பிக்கையான ஓர் ஆளைக் கூப்பிட்டாள். அதற்குத் திட்டு வாங்கினாள். இதை வயசுக் கோளாறு என்று தள்ளிவிடாதீர்கள்.

கோவை அருணாசலம் முருகானந்தத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனைவி துணியை மறைத்து எடுத்துப் போவதைப் பார்த்து, ஏன் என்று கேட்டவர். மலிவு விலையில் நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 2016-இல் பத்மஸ்ரீ பெற்றார். மேடைகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஓர் இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்: அவர் அந்த ஆராய்ச்சியில் இறங்கியபோது மனைவி வீட்டைவிட்டுப் போய்விட்டார், பிறகு தாயும் போய்விட்டார். மனைவி பின்னாளில் திரும்பி வந்தது வேறு. விசாரிக்கிற ஆணைக் கண்டால் கூசிப்போகிற பழக்கம் நம் பெண்களுக்கும் ஊறியிருக்கிறது.

இதனால் உங்கள் கணவர் செய்தது சரியாகிவிடாது. நாப்கின் கேட்ட மனைவிக்கு அவர் சொன்ன பதில் கொடுமையானது. ஆனால் 'தூரம்' என்றதும் திண்ணைக்குப் போக வேண்டும் என்று அந்த வீடு வளர்த்த பிள்ளை அவர். தாமதமாகத்தான் மாறியிருக்கிறார், அந்த மாற்றத்தை நீங்கள் உங்களுக்குச் செய்த துரோகமாகப் பார்க்கிறீர்கள்.

முதலில் மகளிடம் போங்கள். 'நீ அப்பாவைக் கூப்பிட்டது சரி, நான் சொன்னதுதான் தப்பு' என்று சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். அவரிடம் பேசும்போது பதினாறு வருடக் கணக்கை எடுக்காதீர்கள்; எடுத்தால் அவர் மறுபடியும் திண்ணைக்குப் போய்விடுவார். 'அன்று அவளுக்கு ஓடியதுபோல எனக்கும் ஒருநாள் ஓடி வந்திருக்கலாம்' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்களே, மகப்பேறு மருத்துவரின் அறையில் தொடங்கலாம். வழக்கமாக ஒரு மாதவிலக்கில் போகும் ரத்தம் 30, 40 மில்லி அளவுதான்; 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். கட்டி கட்டியாகப் போவது அதிகப்போக்கின் ஓர் அடையாளம். நாற்பதைத் தாண்டிய பிறகு வலி கூடுவதற்குக் கருப்பை நார்க்கட்டி உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே போகாதீர்கள். எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது, எங்கே வலிக்கிறது என்று மருத்துவர் கேட்கும்போது அவரும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் வீட்டில் சொல்லத் தயங்கிய அத்தனையும் அவர் காதில் விழும்.

மாமியாரும் பூஜை அறையும் காத்திருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.