அடுத்த குவார்ட்டர்பேக் யார்? கொலம்பஸுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு (2025 ஜூலையில் எழுதியது)

தம்பி, நீ கேட்டது நாலு கேள்வி. ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸுக்கு வந்து சில வாரம்தான் ஆகிறது, ஆபீஸில் மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் ஒஹாயோ ஸ்டேட்டின் அமெரிக்க ஃபுட்பால் டீமைப் பற்றி "இந்த வருஷம் குவார்ட்டர்பேக் யாரு" என்றே பேசுகிறார்கள், ஒன்றும் புரியவில்லை, இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா என்பது ஒன்று. வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம், டிரைவிங் லைசென்ஸ் எப்படி எடுப்பது, நம்ம ஊர் மளிகை எங்கே கிடைக்கும் என்பது மற்ற மூன்று. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. டப்ளின், பவல் என்ற புறநகர்ப் பக்கம் எந்த அபார்ட்மென்டில் விசாரித்தாலும் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கும், அவர்களே காரில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார்கள். முதல் கேள்விக்குத்தான் நம்மாட்களிடம் உருப்படியான பதில் கிடைக்காது. "அதெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று சொல்லிவிட்டு ஐபிஎல் பேசப் போய்விடுவார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஓர் ஊரில் சம்பாதித்து, வீடு வாங்கி, பிள்ளையைப் படிக்கவைத்துவிட்டு அந்த ஊர்க்காரன் எதற்குச் சிரிக்கிறான், எதற்கு அழுகிறான் என்று தெரியாமல் இருப்பதை ஒரு பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அதுவும் இந்த 2025 ஜூலை மாதத்தில் வந்திருக்கிறாய், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒஹாயோ ஸ்டேட் ஒரு பல்கலைக்கழகம், ஆனால் அதன் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். 1922இல் கட்டியது, ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை நிரம்பி வழியும். 2024 சீசனில் தேசிய சாம்பியன். 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34க்கு 23 என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக இருந்த வில் ஹவர்ட் படிப்பை முடித்துவிட்டு என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகுக்குப் போய்விட்டான். அந்த இடம் காலி. இந்த ஆட்டத்தில் தாக்கும்போது ஏறக்குறைய எல்லாப் பந்தும் குவார்ட்டர்பேக் கையில்தான் முதலில் வரும், எறிவதா, பக்கத்தில் ஓடுகிறவன் கையில் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடியில் அவன் முடிவெடுக்க வேண்டும், எதிரே நூற்று முப்பது கிலோ ஆட்கள் அவனை நோக்கியே ஓடி வருவார்கள். மற்ற இடங்களில் ஆளை மாற்றி மாற்றி இறக்கலாம், இந்த இடத்தில் ஒருவன்தான். அதனால்தான் இத்தனை பேச்சு.

போட்டியில் மூன்று பேர். ஜூலியன் சேயின் கலிஃபோர்னியாப் பையன், அலபாமாவில் சேர்ந்து, அங்கே பயிற்சியாளர் நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற்றதும் இங்கே மாறி வந்தவன். லிங்கன் கீன்ஹோல்ஸ் தெற்கு டகோட்டாவில் பியர் என்ற சின்ன ஊர், 2023இலிருந்து இங்கேயே காத்திருக்கிறான், அந்த வருஷக் கடைசியில் மிசௌரிக்கு எதிரான காட்டன் பௌல் என்ற ஆட்டத்தில் முன்னால் இருந்தவனுக்குக் கால் போனதும் திடீரென்று இறக்கிவிடப்பட்டவன். டேவியன் செயின்ட் கிளேர் உள்ளூர்ப் பிள்ளை, இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பெல்ஃபவுன்டன், இந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறான். ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சி முகாம், ஆகஸ்ட் 30 அன்று டெக்சாஸோடு முதல் ஆட்டம். அதற்குள் பயிற்சியாளர் ரையன் டே ஒருவனைச் சொல்லியாக வேண்டும்.

இனி எச்சரிக்கைகள், இவற்றைக் கவனமாகப் படி.

மேசையில் பேச்சு வந்தால் முதல் வாரத்திலேயே "சேயின்தான், சந்தேகமே இல்லை" என்று அடித்துச் சொல்லாதே. கேள்வி கேள். "கீன்ஹோல்ஸ் இத்தனை நாளாகக் காத்திருக்கிறானே, அவனுக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், அரை மணி நேரம் உனக்கு வகுப்பே எடுப்பார்கள். பரம வைரியான மிச்சிகன் பல்கலைக்கழகம் பற்றி வாயைத் திறக்காதே. ஒஹாயோ ஸ்டேட் அவர்களிடம் 2021இலிருந்து 2024 வரை வரிசையாக நான்கு வருஷம் தோற்றது, 2024 நவம்பரில் இங்கேயே 13க்கு 10, சாம்பியன் பட்டம் வந்தும் அந்தக் காயம் ஆறவில்லை. மிச்சிகன் ஆட்டம் வரும் வாரம் பல்கலைக்கழக வளாகத்தில் பெயர்ப் பலகைகளில் இருக்கும் எம் எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி அடித்துவைப்பார்கள், அவ்வளவு தூரம். என் மச்சான் டெட்ராய்ட் பக்கம் நோவையில் இருக்கிறான், அவன் மிச்சிகன் கட்சி. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் ஒரே வீட்டில் இருப்பதில்லை என்று என் மனைவி சட்டமே போட்டுவிட்டாள். நீ கிரகப்பிரவேசமோ பிறந்தநாளோ வைத்தால் அந்தச் சனிக்கிழமையை விட்டுவிடு, ஆபீஸிலிருந்து ஒருத்தரும் வர மாட்டார்கள்.

வீடு மாறுவதையும் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளாதே. லேன் அவென்யூ, ஹை ஸ்ட்ரீட், 315 நெடுஞ்சாலை எல்லாம் நகராது. மைதானத்துக்கு வெளியே நின்று டிக்கெட் விற்கிறவனிடம் பணம் கொடுக்காதே. பீர் கேனைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்காதே, எல்லாரும்தானே நடக்கிறார்கள் என்று தோன்றும், ஆனால் அவர்களுக்குப் போலீஸ் சீட்டு கிடைத்தால் அபராதத்தோடு போகும், உனக்கு அடுத்த விசா விண்ணப்பத்தில் அதற்குப் பதில் எழுத வேண்டி வரலாம். உன்னோடு தங்கியிருக்கும் மாணவர்களிடமும் ஒன்று சொல்லிவை. ஆட்ட நாளில் மைதானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் புல்வெளியில் கார் நிறுத்த இடம் விடுவார்கள், கார்களுக்கு வழி காட்ட ஆள் வேண்டும், கையில் ரொக்கம் தருகிறேன் என்பார்கள். எஃப்1 மாணவர் விசாவில் இருக்கிறவன் அதைத் தொடவே கூடாது. அம்பது டாலருக்குப் படிப்பையே பணயம் வைக்கிற வேலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை பந்தயம். 2023 ஜனவரியிலிருந்து ஒஹாயோவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி செல்லும், போனிலேயே கட்டலாம். முதல் தடவை போனஸ் தருகிறோம் என்று பந்தய ஆப்கள் விழுந்து விழுந்து அழைக்கும். நம்ம பையன்கள், நல்ல சம்பளம், தனியாக இருக்கிறவர்கள், ஆட்டம் புரிந்த கொஞ்ச நாளிலேயே இதில் இறங்கி ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தனிப்பட்ட கல்லூரி வீரன் எத்தனை யார்டு எறிவான் என்பதில் பந்தயம் கட்டுவதை ஒஹாயோ 2024இல் தடுத்துவிட்டது, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பணம் தோற்றவர்கள் மிரட்டல் அனுப்பியதுதான் காரணம். ஆட்டத்தைப் பார், பணத்தை எடுக்காதே.

நான் வந்தது 2014இல், இலையுதிர் காலம். கார் இல்லை, மூன்று பேரோடு பகிர்ந்த அறை, கன்சல்டிங் கம்பெனி சொன்ன சம்பளம் ஒன்று, கைக்கு வந்தது ஒன்று. ஆபீஸில் என்னோடு பேச ஆளில்லை. அந்த வருஷம் நடந்ததைக் கேள். ஆகஸ்டில் முதல் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லருக்குத் தோள் போனது. இரண்டாவது ஆள் ஜே.டி. பேரட் வந்து பிரமாதமாக ஆடி, நவம்பர் கடைசியில் மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து வண்டியில் வெளியே போனான். திங்கட்கிழமை ஆபீஸ் எழவு வீடு மாதிரி இருந்தது. மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ், அதுவரை ஓர் ஆட்டம்கூட முதலிலிருந்து ஆடியதில்லை.

அன்றைக்கு மதியம் எங்கள் டீமில் இருந்த ஒரு பெரியவர், வேலையில் எனக்கு மேலே, என் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொண்டார். பேப்பர் நாப்கினை விரித்து, ஐந்து கெட்சப் பொட்டலத்தை வரிசையாக வைத்தார், அவை காவலுக்கு நிற்கும் ஆட்கள். பின்னால் ஓர் உப்புப் பொட்டலம், அது குவார்ட்டர்பேக். எதிரே மிளகுப் பொட்டலங்கள். நாலு முயற்சியில் பத்து யார்டு போக வேண்டும் என்று பேனாவால் நாப்கினில் கோடு கிழித்தார். பிறகு உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்து, "இந்தப் பையனுக்கு இதுதான் முதல் ஆட்டம்" என்றார். குரல் நடுங்கியது. வேலையில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அந்த வார இறுதியில் கார்டேல் விஸ்கான்சினை 59க்கு பூஜ்யம் என்று நொறுக்கினான். அடுத்து அலபாமாவை 42க்கு 35. ஜனவரி 12 அன்று ஓரிகானை 42க்கு 20, தேசிய சாம்பியன். அந்த சீசனில் முதலிலிருந்து ஆடியது மூன்றே ஆட்டம், மூன்றும் வெற்றி. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. லிஃப்டில் முன்பின் தெரியாத ஒருவர் "ஓ-எச்" என்று சத்தம் போட்டால் நான் "ஐ-ஓ" என்று திருப்பிச் சொல்வேன். நீயும் சொல்லப் பழகிக்கொள், இந்த ஊரில் அறிமுகத்துக்கு அது போதும்.

அடுத்த வருஷம்தான் இன்னும் முக்கியம். மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். மில்லர், இரண்டு முறை ஒஹாயோ ஸ்டேட் ஆடும் லீகின் சிறந்த தாக்குதல் வீரன் என்று பெயர் வாங்கியவன், பந்து பிடிக்கும் இடத்துக்கு மாறிக்கொண்டான், பின்னால் அதை வைத்தே என்எஃப்எல் போனான். மற்ற இருவரையும் பயிற்சியாளர் அர்பன் மையர் முதலில் கார்டேல், நடுவில் பேரட், மறுபடி ஓர் ஆட்டத்துக்குக் கார்டேல் என்று மாற்றி மாற்றி இறக்கினார். அத்தனை திறமை வைத்துக்கொண்டு மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17க்கு 14 தோற்றதோடு பட்டம் போச்சு. ஒருவனைச் சொல்லிவிட்டால் அவன் இரண்டு ஆட்டம் சொதப்பினாலும் விட்டுவைக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

அதே 2015இல் என் பிராஜெக்ட் முடிந்து என்னைப் பெஞ்சில் போட்டார்கள், அதாவது அடுத்த வேலை வரும்வரை சும்மா உட்காரவைத்தார்கள். கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. தம்பி, உனக்கும் இது நடக்கலாம், அதனால் சொல்கிறேன், எச்1பி வேலை விசாவில் இருக்கிறவனைப் பெஞ்சில் போட்டாலும் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதுதான் சட்டம். சம்பளச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வை. அந்த நாட்களில் நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது களத்தில் ஆடியவனை அல்ல, ஓரத்தில் நோட்டும் கையுமாக நின்றவனைத்தான். அப்படி நின்றவர்களில் ஒருவன் ஜோ பரோ. ஏதென்ஸ் என்ற ஏழை ஒஹாயோ ஊரில் வளர்ந்தவன். மூன்று வருஷம் காத்திருந்தான், 2017 ஆகஸ்டில் போட்டி சூடு பிடிக்கும்போது பயிற்சியில் கை எலும்பு முறிந்தது. 2018 வசந்தத்தில் டுவேன் ஹாஸ்கின்ஸோடு நேருக்கு நேர் போட்டி, ஹாஸ்கின்ஸ்தான் என்று தெரிந்ததும் இங்கே பட்டம் வாங்கிக்கொண்டு லூசியானாவுக்கு, எல்எஸ்யூவுக்குப் போனான். 2019இல் பதினைந்து ஆட்டமும் ஜெயித்து, 60 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) எறிந்து, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரனுக்கான ஹைஸ்மன் விருது. இங்கே ஜெயித்த ஹாஸ்கின்ஸும் லேசுப்பட்டவன் இல்லை, 2018இல் 50 டச்டவுன், மிச்சிகனை 62க்கு 39. பாவம், 2022இல் ஃபுளோரிடாவில் சாலையில் லாரி மோதி இறந்துபோனான், இருபத்து நாலு வயது.

இப்போது நிலைமை வேறு. வீரர்கள் பல்கலைக்கழகம் மாறுவதற்குப் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு தோற்றவன் சுலபமாகப் பெட்டி கட்டலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகங்கள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம், ஒரு பல்கலைக்கழகம் வருஷத்துக்கு ஏறக்குறைய இரண்டு கோடி டாலர் வரை. பழைய ரசிகர்கள் இதைத் திட்டுவார்கள், நான் திட்ட மாட்டேன். ஒரு லட்சம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிற வேலையைச் செய்கிறவனுக்குக் கூலி வேண்டாமா? வேறு இடம் தேடிப் போகிறவனை துரோகி என்பவர்கள், நம்மாட்களிலும் உண்டு, தாங்கள் எத்தனை கம்பெனி மாறி இங்கே வந்தோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். 2023இல் கைல் மெக்கோர்ட் பதினோரு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தான், மிச்சிகனிடம் தோற்ற ஒரே ஆட்டத்துக்காக அவனை இந்த ஊர் திட்டித் தீர்த்தது, சிரக்யூஸுக்குப் போய் நன்றாக ஆடினான். எனக்கு அது இன்னும் பொறுக்கவில்லை.

இந்த வருஷம் என் கணிப்பு கேட்டால், சேயின். பந்து அவன் கையை விட்டுப் போகிற வேகம் மற்ற இருவரிடமும் இல்லை, ஜெரமையா ஸ்மித் மாதிரி பந்து பிடிக்கும் ஒரு ரிசீவர் இருக்கும்போது சரியான நேரத்துக்குப் பந்து போய்ச் சேருவதுதான் முக்கியம். கீன்ஹோல்ஸ் காலால் ஓடி ஆட்டத்தைக் காப்பாற்றக்கூடியவன், அவனுக்குக் கிடைத்தால் நான் கைதட்டுவேன். செயின்ட் கிளேருக்கு இன்னும் ஒரு வருஷம் வேண்டும். பயிற்சிச் செய்திகளில் யார் முதல் வரிசை ஆட்களோடு அதிகமாக ஆடுகிறான் என்று மட்டும் பார், இன்டர்நெட்டில் வருகிற வதந்தியை நம்பாதே.

டெக்சாஸ் ஆட்டம் ஆகஸ்ட் 30, சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. எங்கள் வீட்டில் டிவியில் பார்க்கிறோம், பெரியவரும் வருகிறார், இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். நீ பதினொன்றுக்கே வந்துவிடு, 315 பக்கம் மட்டும் வராதே. லைசென்ஸ், மளிகை எல்லாம் அன்றைக்கு என் மனைவியைக் கேட்டுக்கொள், அவளுக்குத்தான் அதெல்லாம் தெரியும்.