கோச் காட்டாத கேம்பஸ்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள், டென்னிஸ் ஆடுகிறாள். அமெரிக்காவின் தெற்கே ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகம், வடகிழக்கே ஹார்வர்ட், யேல் போன்ற ஒரு ஐவி லீக் பல்கலைக்கழகம் என்று இரண்டு இடத்து கோச்சுகள் பேசுகிறார்கள். நேரில் வந்து பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டே நாளில் அங்குள்ள வாழ்க்கையை எப்படி ஒப்பிடுவது?
– ஒரு தாய், கோவை

பதில்: பல்கலைக்கழகத்தின் செலவில் போய்ப் பார்ப்பதை அங்கே ‘அஃபிஷியல் விசிட்’ என்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷனில் (மேல்மட்டப் பிரிவில்) பொதுவாக ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு முறைதான் போக முடியும், அதுவும் இரண்டு இரவுக்கு மேல் தங்க முடியாது. மொத்தம் ஐந்து பல்கலைக்கழகங்களுக்குத்தான் இப்படிப் போகலாம் என்ற வரம்பு 2023 ஜூலையோடு போய்விட்டது. விமான டிக்கெட்டில் பெற்றோரின் பங்கும் அடங்குமா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள் டீமில் உள்ள ஒரு மாணவியின் அறையில் தங்குவார். அந்த மாணவியைத் தேர்ந்தெடுப்பவர் கோச். எங்கே சாப்பிடுவது, யாரைச் சந்திப்பது என்பதும் அவர் போட்ட திட்டம்தான். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. விருந்தாளி வரும் நாளில் நாமும் வாசலைப் பெருக்கிக் கோலம் போடத்தானே செய்கிறோம்? ஆனால் மகள் நான்கு வருடம் இருக்கப்போவது சமையற்கட்டில். அதை எட்டிப் பார்க்க வேண்டும்.

தெற்குப் பல்கலைக்கழகம் அநேகமாக அமெரிக்க ஃபுட்பால் மேட்ச் நடக்கும் சனிக்கிழமையை ஒட்டிக் கூப்பிடும். டென்னசியின் நேலண்ட் மைதானம், டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்ட் போன்றவற்றில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அந்த ஆரவாரத்தில் பதினேழு வயதுப் பிள்ளை மயங்காமல் இருப்பது கடினம். டீம்கள் மோதும் டென்னிஸ் சீசனோ அப்போது இல்லை, ஜனவரி முதல் மே வரை. ஆகவே வகுப்பும் பயிற்சியும் உள்ள இரண்டு முழு வாரநாட்களைக் கேளுங்கள். எடுக்க நினைக்கும் பாடத்தில் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள்.

அடுத்தது நேரம். சீசனில் வாரம் 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. சீசன் இல்லாதபோது வாரம் 8 மணி. இது விதி. பஸ்ஸிலும் விமானத்திலும் போகும் நேரமும் பிசியோதெரபி நேரமும் இந்தக் கணக்கில் சேராது. மேட்ச் நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்றுதான் எழுதுவார்கள். அதனால் “எத்தனை மணி பயிற்சி?” என்று கேட்டால் எல்லா இடத்திலும் “இருபது” என்றுதான் பதில் வரும். “போன செவ்வாய்க்கிழமை எழுந்ததிலிருந்து தூங்கும்வரை என்ன செய்தாய்?” என்று மூன்று பேரிடம் தனித்தனியே கேட்கச் சொல்லுங்கள். பயாலஜியோ இன்ஜினீயரிங்கோ எடுக்கும் எண்ணம் இருந்தால், டீமில் இப்போது அதைப் படிப்பவர் யார் என்றும் விசாரியுங்கள். லேப் வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில், பயிற்சியும் பிற்பகலில். ஒருவர்கூட அந்தப் படிப்பில் இல்லை என்றால் காரணம் கேட்க வேண்டும்.

மிக முக்கியமான கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. கல்லூரி டென்னிஸ் மேட்சில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர் ஆட்டம். இரட்டையர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு புள்ளி, மொத்தம் ஏழு. ஒற்றையரில் இறங்குவது ஆறு பேர்தான். டீமிலோ எட்டிலிருந்து பத்துப் பேர் இருப்பார்கள். முதல் வருடம் ஏழாவது இடத்தில் இருக்க நேரலாம். ஏழாவது ஆளை வெளியூர் மேட்சுக்கு அழைத்துப் போகிறார்களா? வரிசையைத் தங்களுக்குள் ஆடித் தீர்மானிக்கிறார்களா, கோச் மட்டும் முடிவு செய்கிறாரா? இதை முதலிடத்தில் ஆடுபவரிடம் கேட்டுப் பயனில்லை. எட்டாவது இடத்தில் இருப்பவரோடு பத்து நிமிடம் பேசினால் அந்த டீமின் குணம் விளங்கிவிடும்.

ஒரு வேலையை வீட்டிலிருந்தே முடிக்கலாம். டீம் பட்டியல்கள் இணையத்தில் வருடவாரியாக இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் முதலாண்டில் இருந்தவர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது இன்று சாதாரணம், தவறும் அல்ல. மதுரைக்காரர் தட்சிணேஸ்வர் சுரேஷ் ஜார்ஜியா குவினெட் கல்லூரியில் ஆடிவிட்டுத்தான் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆனால் ஒரே கோச்சிடமிருந்து நான்கில் மூன்று பேர் போயிருந்தால், போனவர்களில் ஒருவரிடமாவது பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு இடத்துக்கும் அடிப்படை வித்தியாசம் உண்டு. பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆட்டக்காரர்களுக்கென்று தனிப் படிப்பு மையம், டியூட்டர், உணவு எல்லாம் இருக்கும். புதிதாக வருபவருக்கு அது பெரிய துணை. அதுவே சுவராகவும் ஆகும். நான்கு வருடத்தில் டீமுக்கு வெளியே ஒரு சிநேகிதிகூட இல்லாமல் போவது நடக்கிறது. யேலில் 14 குடியிருப்புக் கல்லூரிகள், ஹார்வர்டில் 12 ஹவுஸ்கள் என்று எல்லா மாணவரையும் கலந்து தங்க வைப்பதால், இசை படிப்பவரும் இயற்பியல் படிப்பவரும் பக்கத்து அறையில் இருப்பார்கள். ஆனால் அங்கே ஆட்டக்காரர் என்ற சலுகை குறைவு. ஐவி லீகுக்குள்ளேயும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. கொலம்பியாவின் பிரதான வளாகம் நியூயார்க் 116-வது தெருவை ஒட்டி, டென்னிஸ் கோர்ட் 218-வது தெருவில். தினமும் நூறு தெரு தாண்டிப் போய்வர வேண்டும். கூடவே, எல்லோருக்கும் கட்டாயமான ‘கோர்’ பாடங்களின் வாசிப்புச் சுமை. வரைபடத்தில் விடுதி, வகுப்பு, கோர்ட் மூன்றையும் குறித்துப் பாருங்கள்.

இன்னொன்று: அங்கே மது அருந்தும் வயது 21. இருந்தும் மாலையில் பார்ட்டிக்கு அழைப்பு வரலாம். “நாளை காலை வகுப்பு பார்க்க வேண்டும்” என்று சொல்லித் தவிர்க்க மகளைப் பழக்குங்கள். மறுத்த பிறகு அந்தப் பெண்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியதுதான்.

கேள்வி: மகன் ஸ்குவாஷ் ஆடுகிறான். ஐவி லீக் கோச் ஒருவர் “உனக்கு என் ஆதரவு உண்டு” என்கிறார். இடம் கிடைத்த மாதிரிதானா? ஸ்காலர்ஷிப் வருமா?
– சென்னை வாசகர்

பதில்: இல்லை. கோச் சிபாரிசு செய்யலாம், இடம் தருவது அட்மிஷன் அலுவலகம். கடைசி வருடத்துக்கு முந்தைய ஜூலையிலிருந்து மதிப்பெண்களை அந்த அலுவலகத்திடம் காட்டி முன்கூட்டிக் கருத்துக் கேட்பார்கள். “அது முடிந்ததா? நீங்கள் சிபாரிசு செய்யக்கூடிய இடங்களில் ஒன்றை எனக்காகப் பயன்படுத்துகிறீர்களா?” என்று மகனே நேராகக் கேட்கலாம், அது மரியாதைக் குறைவல்ல. அக்டோபர் 1 முதல் மார்ச் 15 வரை அட்மிஷன் அலுவலகம் அனுப்பக்கூடிய ‘லைக்லி லெட்டர்’ (இடம் அநேகமாக உறுதி என்று சொல்லும் கடிதம்) கையில் வந்தால்தான் நம்பலாம்.

எட்டு ஐவி பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி உண்டு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், டார்ட்மவுத் ஆகியவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டார் என்பதற்காக அட்மிஷனில் பின்தள்ளுவதில்லை. ஐவியோடு நிறுத்தவும் வேண்டாம். ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரி சிறியது, மூன்றாம் டிவிஷன். ஆனால் அதன் ஆண்கள் ஸ்குவாஷ் டீம் 1998 முதல் 2012 வரை தொடர்ந்து 252 மேட்ச் வென்றது.

கேள்வி: சுத்த சைவம். டீமோடு சமாளிக்க முடியுமா?
– மதுரை வாசகி

பதில்: முடியும். முதல் டிவிஷனில் 2014 முதல் ஆட்டக்காரர்களுக்கு அளவில்லாமல் உணவு தரலாம் என்று விதியே உண்டு. சிக்கல் வேறு இடத்தில். பயிற்சி முடியும் நேரத்தையும் டைனிங் ஹால் மூடும் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் அரை மணிதான் என்றால் மிஞ்சுவது சாலட்டும் பிரெட்டும். வெளியூர் பயணத்தில் பஸ் நிற்கும் கடைகளையும் கேளுங்கள். விடுதித் தளத்தில் அடுப்பு இருக்கிறதா, ரைஸ் குக்கரை அனுமதிக்கிறார்களா என்பதையும் விசிட்டின்போதே பார்த்துவிடுங்கள். பல விடுதிகளில் தீ விபத்துக்குப் பயந்து தடை உண்டு.

கேள்வி: காயம் பட்டாலோ கோச் மாறினாலோ என்ன ஆகும்?
– திருச்சி வாசகர்

பதில்: கோச் மாறுவதால் எழுத்தில் கொடுத்த ஸ்காலர்ஷிப் ரத்தாகாது. அது எத்தனை வருடத்துக்கு என்பதைத் தாளில் படித்துப் பாருங்கள். ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு, படிப்பு முடிந்த பிறகும் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவை முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டிலிருந்து விதி உள்ளது. விசிட்டின்போது காயத்தில் இருக்கும் ஆட்டக்காரரைத் தேடிப் பேசச் சொல்லுங்கள். இப்போதும் டீமோடு சாப்பிடுகிறாரா, கோச் கடைசியாக அவரிடம் பேசியது எப்போது என்று கேட்டால் போதும்.