சாமியிடம் கோபப்படலாமா?

அன்புள்ள ஐயா,

நான் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்காக அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போய் வருகிறேன். முன்பெல்லாம் பிரதோஷம் தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போவேன். இப்போது போய் நின்றால் கும்பிடத் தோன்றவில்லை, கோபம்தான் வருகிறது. ‘போன ஜென்மத்து வினை, அனுபவித்துத்தான் கழிக்கணும்’ என்கிறார் வீட்டுப் பெரியவர். ‘பிடித்தவர்களைத்தான் சாமி சோதிக்கும்’ என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதுவும் மனதுக்கு ஆறுதலாக இல்லை. கடவுள் கருணையுள்ளவர் என்று இன்னும் நம்ப முடியுமா? இவ்வளவு கோபத்தோடு சன்னதியில் நிற்பது பாவமா?

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பாவம் இல்லை. கோபத்தோடேயே போங்கள். மனசு அடங்கட்டும் என்று காத்திருந்தால் எப்போது போவது?

உங்கள் மாவட்டத்திலேயே, பண்ருட்டிக்குப் பக்கத்தில், திருவதிகை இருக்கிறது. சூலை நோயில் துடித்துக்கொண்டு வந்த அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடியது அங்கேதான். அதை ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். மேடையில் கேட்கும்போது துதி போலத்தான் இருக்கும், உள்ளே இருப்பது முறையீடு. ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர்’: எமனாய் வந்து நிற்கிற இந்த நோயை விலக்க மாட்டேன் என்கிறீரே என்றுதான் ஆரம்பமே. குடலோடு சேர்த்து முடக்கிப் போடுகிறது, ஆற்றேன் என்கிறார். அடுத்த பாட்டில் இன்னும் நெருக்கிப் பிடிக்கிறார். நெஞ்சை உமக்கே இடமாக வைத்தேன், உம்மை நினைக்காமல் இருந்ததே இல்லை, நீரோ நோயையும் விரட்டவில்லை, ‘அஞ்சேலும் என்னீர்.’ பயப்படாதே என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன் என்கிறீர்!

தேவாரத்தில் அப்பர் வாய் திறந்த முதல் பதிகமே இப்படித்தான் இருக்கிறது. சைவர்கள் இதை மறைத்து வைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாக ஓதி வருகிறார்கள். இரக்கமே இல்லாதவரிடம் போய் ‘ஏன் இரங்கவில்லை’ என்று யார் சண்டை போடுவார்கள்? உங்கள் கோபத்துக்குள் அந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

வினை பற்றி. ‘கொடுமைபல செய்தன நான் அறியேன்’ என்று அப்பரும் சொல்கிறார். முற்பிறப்பில் என்ன செய்தேனோ, எனக்குத் தெரியாது என்று அதற்குப் பொருள் சொல்கிறவர்கள் உண்டு. சரி, இருக்கட்டும். ஆனால் அதைச் சொல்கிறவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நோயாளி. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறார். டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடக்கிறவரைப் பார்த்து வேறொருவர் அதே வார்த்தையைச் சொன்னால் அது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொல்ல எந்தப் பெரியவருக்கும் உரிமை இல்லை. நீங்கள் அதைத் தலையில் சுமக்க வேண்டாம்.

சோதனை என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினக் கடற்கரையில் நடந்தது கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வாரம் அங்கே அரிசி மூட்டையோடு போனவர்களில் நானும் ஒருவன். பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பாட்டி தெருவில் உட்கார்ந்து, மாரியாத்தாவைப் பெயர் சொல்லி, ‘உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாடி’ என்று மண்ணை வாரி வாரித் தூற்றிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற யாரும் அவர் வாயைப் பொத்தவில்லை. ஒரு பெண் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணில் விழுந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டார். அந்தப் பாட்டியிடம் போய் ‘சாமி உங்களைச் சோதிக்கிறார்’ என்று யாரால் சொல்ல முடியும்? பிள்ளைகளைக் கொன்று பெரியவர்களின் பக்தியை அளந்து பார்க்கிற ஒரு கடவுளை நான் கும்பிடவில்லை.

‘அப்பருக்கு வலி தீர்ந்துவிட்டது, எங்களுக்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு நான் அப்பரை விட்டுவிட்டு அவருடைய அக்காவைப் பார்ப்பேன். திலகவதியாரின் கதையைச் சேக்கிழார் சொல்லும்போது வரிசையாக இழப்புதான் வருகிறது. தகப்பனார் போகிறார், அம்மா போகிறார், மணம் பேசிவைத்த கலிப்பகையார் போர்க்களத்தில் இறக்கிறார். தானும் போய்விடலாம் என்று துணிந்தவர், தம்பி காலில் விழுந்து அழுததால் உயிரை வைத்துக்கொள்கிறார். அந்தத் தம்பியும் அப்புறம் வேறு சமயம் தேடிப் போய்விடுகிறார். போனவர்களில் தம்பி ஒருவர்தான் திரும்பி வந்தார். கலிப்பகையார் வரவில்லை, வரவும் முடியாது. அந்த அம்மாள் திருவதிகைக் கோயிலில் தினமும் விடிவதற்கு முன்னால் பெருக்கி, சாணம் மெழுகி, பூத்தொடுத்துக் கொண்டிருந்தார். தம்பி இரவோடு இரவாக வந்து காலில் விழுந்தபோது அவர் சொன்ன வார்த்தை ‘எழுந்திரீர்.’ திருநீறு கொடுத்தார். கையில் துடைப்பமும் மெழுகுசாணமும் தோண்டியுமாகத் தம்பியைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அப்பருக்குக் கருணை வந்து சேர்ந்த வழி இதுதான். தன் துக்கம் எதுவும் தீராத ஒரு பெண்ணின் கை வழியாக.

இறைவனின் கருணையை நம்புவது என்றால் எனக்கு இவ்வளவுதான் தெரியும். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக நடிக்க வேண்டாம். துன்பத்தில் நம்மோடு இருப்பவர் ஒருவர் உண்டு, அவர் பெரும்பாலும் மனிதர்களின் கையைக் கடன் வாங்கித்தான் வருகிறார். வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகிறது. பசித்தவரிடம் அங்கே வினைக்கணக்குக் கேட்பதில்லை. இலை போடுகிறார்கள்.

நீங்கள் போகிற பாடலீஸ்வரர் சன்னதிக்கே அப்பர் பாட்டு இருக்கிறது. கல்லில் கட்டிக் கடலில் போட்டவர் கரையேறி வந்து அங்கே பாடியதாகச் சொல்வார்கள். ‘ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன்தோன்றினராய்’ என்று தொடங்கும். சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, உடன்பிறந்தவளால் வளர்ந்தவர் பாடிய வரி என்று நினைத்துப் படித்தால் அது வேறு மாதிரி கேட்கும். அந்தப் பாட்டு முடிகிற இடத்தில் இறைவனைத் ‘தோன்றாத் துணை’ என்கிறார். கண்ணுக்குத் தெரியாத துணை. இது சுகமாக வாழ்ந்தவர் வாயில் வந்த வார்த்தை இல்லை என்பதால்தான் நான் அதை நம்புகிறேன். கும்பிடத் தோன்றாத நாளில் பாட வேண்டாம், பிராகாரத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். திட்டத் தோன்றினால் திட்டுங்கள்.

இன்னொன்று. மாற்றுச் சிறுநீரகம் பற்றி மருத்துவர் ஏதாவது சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள் பதிவு வரிசைப்படிதான் கிடைக்கும். கணவரின் உடல்நிலை அதற்கு ஏற்றதா, எங்கே பதிய வேண்டும் என்று அடுத்த தடவை போகும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.