யார் நீக்கினார்கள், ஏன் நீக்கினார்கள்?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் 1,200 ஆண்டுப் பழமையானது. அதைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினேன். சான்று இல்லை என்று ஒரே வாரத்தில் தூக்கிவிட்டார்கள். முகம் தெரியாத நாலு பேர் நாட்டாமை செய்யும் இடம் அது. அங்கே ஒரு பக்கத்தையே நீக்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது சரிதானே?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: சரியில்லை. உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்த வருத்தத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்களை ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

டெல்லியில் நடந்தது என்ன? ஏஎன்ஐ செய்தி நிறுவனம் மத்திய அரசின் பிரச்சாரக் கருவியாகச் செயல்படுவதாகக் குற்றம் சாட்டப்படுகிறது என்று அதைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரை சொன்னது. அப்படிக் குற்றம் சாட்டிய பத்திரிகைக் கட்டுரைகள் அங்கே சான்றாகவும் தரப்பட்டிருந்தன. 2024 ஜூலையில் நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்து 2 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது. வழக்குப் போட அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த அக்டோபரில் நீதிமன்றம் 36 மணி நேரத்துக்குள் நீக்கச் சொன்னது இந்தக் கட்டுரையை அல்ல. வழக்கு நடப்பதைப் பற்றியும், விசாரணையில் நீதிபதி சொன்னதைப் பற்றியும் செய்தித்தாள்களில் வந்ததைத் தொகுத்த இன்னொரு கட்டுரையை. சான்று இருந்தும் அது போயிற்று. 2025 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இதை நீக்கு, அதை எடு என்று ஊடகங்களுக்குச் சொல்வது நீதிமன்றத்தின் வேலையல்ல என்று தீர்ப்பிலேயே எழுதியது. நீங்கள் பாராட்டும் உத்தரவு இன்று உயிரோடு இல்லை.

முகம் தெரியாதவர்கள் என்று குறைப்படுகிறீர்கள். முகம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸைப் பாருங்கள். பியர்-சூர்-ஓட் என்ற மலை உச்சியில் ஒரு ராணுவ வானொலி நிலையம் இருக்கிறது. அதைப் பற்றிய பிரெஞ்சு விக்கிப்பீடியா கட்டுரையில் ராணுவ ரகசியம் இருப்பதாக அந்நாட்டு உள்நாட்டு உளவுத்துறை சொன்னது. எந்த வரி ரகசியம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. 2013 ஏப்ரலில், அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்துகூட எழுதாத ஒரு தன்னார்வலரை அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அமைப்பின் பிரெஞ்சுக் கிளைக்குத் தலைவர் என்பதால் அவருடைய பெயர் வெளியே தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உடனே நீக்காவிட்டால் காவலில் வைப்போம் என்றார்கள். அவர் அங்கேயே உட்கார்ந்து நீக்கினார். கட்டுரையின் பெரும்பகுதி உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று ராணுவத்தின் ஒத்துழைப்போடு எடுத்து ஒளிபரப்பிய படத்திலிருந்து வந்தது. பிரான்ஸுக்கு வெளியே இருந்த ஒரு நிருவாகி, அதாவது பக்கங்களை நீக்கவும் மீட்கவும் அதிகாரம் உள்ள தன்னார்வலர், பக்கத்தை மீட்டார். யாரும் சீந்தாமல் கிடந்த கட்டுரை அந்த வார இறுதியில் பிரெஞ்சு விக்கிப்பீடியாவிலேயே அதிகம் பேர் படித்த பக்கமானது. ஏஎன்ஐ வழக்கிலும் பக்கத்தைத் தொகுத்தவர்களின் விவரங்களைக் கொடு என்றுதான் முதலில் கேட்டார்கள். சம்பளம் வாங்காமல் எழுதுகிறவர் புனைபெயரில் எழுதுவது ஏன் என்று இப்போது புரியும்.

இனி உங்கள் கோயில். 1,200 ஆண்டு என்று எதை வைத்துச் சொன்னீர்கள்? கல்வெட்டு இருந்தால் அது எந்தத் தொகுதியில் அச்சாகியிருக்கிறது? 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசை 1890 முதல் வெளிவருகிறது. கல்வெட்டுகளைப் பற்றிய ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறை மாவட்டவாரியாகப் போட்ட கல்வெட்டு நூல்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் பல நூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றின் பக்க எண்ணைக் கொடுத்திருந்தால் உங்கள் கட்டுரை நின்றிருக்கும். கும்பாபிஷேக மலரை மட்டும் சான்றாகக் கொடுத்திருந்தால், அதைச் சந்தேகித்தவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கமிட்டியே எழுதிக் கமிட்டியே அச்சடிக்கும் மலரில் எல்லாக் கோயிலும் ஆயிரம் ஆண்டைத் தாண்டியதுதான். திருப்பணி நடந்த வருஷத்துக்கும் உபயதாரர் பெயருக்கும் அந்த மலர் நல்ல சான்று. காலக்கணிப்புக்கு அது போதாது.

சான்றில்லாத ஒரு வரி என்ன செய்யும் என்று காட்ட ஓர் அமெரிக்க மாணவர் போதும். 2008இல் பிரேசில் போய்வந்த அவர், கோவாட்டி என்ற தென்னமெரிக்க விலங்குக்கு 'பிரேசிலிய ஆர்ட்வார்க்' என்றொரு பெயர் உண்டு என்று விளையாட்டாக விக்கிப்பீடியாவில் சேர்த்தார். ஆர்ட்வார்க் என்பது ஆப்பிரிக்க விலங்கு, கோவாட்டிக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. யாரும் தடுக்கவில்லை. பிரிட்டிஷ் நாளிதழ்கள் அந்தப் பெயரை எடுத்தாண்டன, பல்கலைக்கழகப் பதிப்பக நூல் ஒன்றிலும் ஏறியது. பிறகு அவையே அந்த வரிக்குச் சான்றாக வந்து நின்றன. உங்கள் 1,200ம் அப்படித்தான் பரவியிருக்கும். நாளை ஒரு நாளிதழின் ஆன்மிக இணைப்பு அதை எடுத்துப் போடும், அதற்குப் பிறகு யாராலும் அதைப் பிடுங்க முடியாது.

ஆனாலும் நீக்குகிறவர்கள் எப்போதும் சரி என்று சொல்ல மாட்டேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லாண்ட் பற்றிய வரைவு ஒன்று ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வந்தது. குறிப்பிடத்தக்கவர் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2018 மே மாதம் மறுத்தார்கள். அக்டோபர் 2 அன்று அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அதே கண்டுபிடிப்புக்காக அவரோடு பரிசு பெற்ற ஜெரார் மூருவுக்குப் பல ஆண்டுகளாகவே பக்கம் இருந்தது. ஸ்ட்ரிக்லாண்ட் 2013இல் ஒளியியல் அறிஞர்களின் பெரிய சங்கமான ஆப்டிகல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். விக்கிப்பீடியாவின் சொந்த விதிப்படியே அந்தத் தகுதி போதும். மறுத்தவர் ஐந்து நிமிடம் தேடியிருக்கலாம். பெண்களைப் பற்றிப் பத்திரிகைகள் குறைவாக எழுதியதன் பலன் அப்படியே கலைக்களஞ்சியத்திலும் விடிகிறது. அச்சே ஏறாத கூத்துக் கலைஞர், வாய்மொழியாக மட்டும் வாழும் குலதெய்வக் கதை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. விதியைத் தளர்த்தினால் இது தீராது. அவர்களைப் பற்றி யாராவது நேரில் போய்க் கேட்டு, பெயரும் தேதியும் போட்டு அச்சில் கொண்டுவர வேண்டும். அதில் எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு.

உங்கள் கட்டுரைக்கு வருவோம். நீக்கல் பதிவைத் திறந்து பாருங்கள், யார் எப்போது எந்தக் காரணத்தால் நீக்கினார் என்று இருக்கும். அந்த நிருவாகியின் பேச்சுப் பக்கத்தில் எழுதி, கட்டுரையின் நகலைக் கேளுங்கள். 1,200ஐ எடுத்துவிட்டு, கல்வெட்டு எந்த ஆண்டைச் சொல்கிறதோ அதை மட்டும் போட்டு, நூலின் பெயரும் பக்க எண்ணும் சேர்த்துத் திரும்பப் பதியுங்கள். அதற்கும் சரியான பதில் வராவிட்டால் ஆலமரத்தடி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொது விவாதம் நடக்கும் பக்கத்தின் பெயர் அதுதான். அங்கே போய் எல்லார் முன்னாலும் கேளுங்கள்.