தொழில் கேள்வி-பதில்: தரையில் கிடக்கும் பண்டிலை முதலில் எண்ணுங்கள்

கேள்வி: 40 மெஷின் வைத்து டி-ஷர்ட் ஜாப் ஒர்க் (கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) செய்கிறோம். 3,000 பீஸ் தைக்க இரண்டு நாள் போதும். ஆனால் துணி வந்ததிலிருந்து டெலிவரி வரை 15 நாள் ஆகிவிடுகிறது. இன்னும் 10 மெஷின் போடலாமா? - வாசகர், திருப்பூர்

பதில்: கட் ஆகி, இன்னும் பேக் ஆகாமல் எத்தனை பீஸ் பண்டில் பண்டிலாக (கட்டுக் கட்டாக) கிடக்கிறது என்று பாருங்கள். 15,000 பீஸ் கிடந்து, தினமும் 1,500 வெளியே போனால், இன்று கட் ஆகும் பீஸ் வெளியேற 10 நாள் ஆகும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த கணக்கு இது; வங்கி வரிசைக்கும் பொருந்தும். செக்கிங்கும் அயர்னிங்கும் 1,500-க்கு மேல் தாங்காதென்றால், புது மெஷினில் தைத்ததெல்லாம் செக்கிங் மேஜையில்தான் குவியும்.

கடைசியாக அனுப்பிய 10 ஆர்டரின் ஜாப் கார்டை (ஆர்டரின் வேலை விவரம் எழுதும் அட்டை) எடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி இரண்டும் வேண்டும். பல கம்பெனிகளில் முடிந்த தேதியை மட்டும் எழுதுவார்கள். அதை வைத்து வேலை நடந்த நாளையும் சும்மா கிடந்த நாளையும் பிரிக்க முடியாது.

அடுத்து, தையலுக்கு இரண்டு நாள் வேலை கையிருப்பில் இருந்தால் கட்டிங் நிற்க வேண்டும். கட்டிங் மாஸ்டர் பீஸ் ரேட்டில் இருந்தால் சண்டைக்கு வருவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டிங் நிற்கும் நாளுக்குத் தினக்கூலி பேசிவிடுங்கள்.

துணி, ரிப் (கழுத்துப் பட்டைத் துணி), நூல், மெயின் லேபிள், வாஷ்கேர் லேபிள், அப்ரூவல் ஆன சாம்பிள் - இந்த ஆறும் கைக்கு வராமல் ஜாப் கார்டு கட்டிங் மேஜைக்குப் போகக் கூடாது. ரிப் இன்னும் டையிங்கில் இருக்கும்போதே பாடியை (சட்டையின் உடல் பகுதியை) வெட்டிப் போடுவதுதான் இங்கே வழக்கம். ரிப் ஷேடு மாறி வந்தால் வெட்டிய அத்தனையும் முடங்கும், முடங்கிய பண்டில் இடத்தையும் அடைக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் நாளைக் குறைக்காதீர்கள். ரோலைப் பிரித்துத் துணியை ஒரு நாளாவது தளர்வாகப் போட்டு வைக்க வேண்டும், லைக்ரா கலந்தது என்றால் கட்டாயம். அவசரத்தில் வெட்டினால் மேஜையில் சரியாக இருந்த அளவு பிறகு சுருங்கும்.

கேள்வி: இதற்கெல்லாம் ஈஆர்பி சாஃப்ட்வேர் (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் பதிவாவது) வாங்கலாமா? - வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிசி (துணியோடு வரும் டெலிவரி சலான்) எண், லாட் (ஒரே தடவையில் சாயமிட்ட துணி) எண், ரோல் எடை மூன்றும் தாளிலேயே ஒழுங்காக ஏறவில்லை என்றால் கம்ப்யூட்டரிலும் ஏறாது. மூன்று மாதம் ஜாப் கார்டு விடாமல் நிரம்பட்டும், பிறகு விலை விசாரியுங்கள்.

கேள்வி: கடைசி செக்கிங்கில் ஆல்டர் பீஸ் (குறை திருத்த வேண்டியது) நிறைய விழுகிறது. செக்கிங் ஆட்களைக் கூட்டலாமா? - வாசகர், அவிநாசி

பதில்: ஆல்டரைத் தனி டெய்லர் சரிசெய்வதால், தவறு செய்தவருக்கு அது தெரிவதே இல்லை. பண்டில் டிக்கெட்டை (யார் தைத்தது என்று குறித்த சீட்டை) பார்த்து, தைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதோடு சூப்பர்வைசர் காலையும் மதியமும் ஒவ்வொரு மெஷினிலும் 7 பீஸ் எடுத்துப் பார்க்கட்டும். ஏழும் சுத்தமாக இருந்தால் பச்சை அட்டை, சின்னக் குறை ஒன்று இருந்தால் மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷினை நிறுத்தி, அதுவரை தைத்த பண்டிலைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தையல் ஓரத்தில் பொடி ஓட்டை தெரிந்தால் முதலில் ஊசியைக் கழற்றுங்கள். பனியன் துணிக்கு பால் பாயின்ட் (உருண்டை முனை) ஊசிதான் போட வேண்டும்; முனை சேதமாகியிருந்தாலோ சாதா ஊசி போட்டிருந்தாலோ இழை அறுபடும். தைக்கும்போது கண்ணில் படாத அந்த ஓட்டை, துவைத்த பிறகு விரியும்.