கணக்கை அழிக்கச் சொல்லாதீர்கள், அம்மா

உங்கள் மகன் எம்.எஸ். என்ற முதுநிலைப் படிப்புக்காக அமெரிக்கா போகிறான், விசா நேர்காணலுக்கு முன்பு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் அம்மா. பயத்தில் செய்கிற அந்த வேலைதான் அவனுக்கு அதிக ஆபத்து.

விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தில், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் குறிப்பிட வேண்டும். 2019 முதலே இந்த விதி உண்டு. 2025 ஜூனில் இன்னொன்றும் சேர்ந்தது: மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும். விவரத்தை விட்டுவிட்டால் விசா மறுக்கப்படலாம், பின்னாளில் கேட்கும் விசாவுக்கும் அது தடையாகலாம் என்று அமெரிக்கத் தூதரகமே சொல்லியிருக்கிறது. இன்று அழித்தாலும், போன வருடம் அந்தக் கணக்கு இருந்தது இல்லையென்று ஆகிவிடாது. படிவத்தில் அதையும் எழுதத்தான் வேண்டும். கல்லூரி முதல் வருடத்தில் தொடங்கி மறந்துபோன யூடியூப் சேனல் இருந்தால் அதையும் சேர்த்து.

சரி, என்ன செய்யலாம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியே உட்கார்ந்து தன் பெயரைக் கூகுளில் தேடட்டும். அப்புறம் பழைய பதிவுகளைக் கீழிருந்து மேலாகப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். அவன் வெட்கப்படுவான், பாதியை உங்களிடம் மறைப்பான்.

பிறந்தநாள் கொண்டாட்டம், கல்சுரல்ஸ் நடனம், நண்பர்களோடு ஊட்டி போன படங்கள் இருக்கட்டும். இருபது வயதுப் பையனின் வாழ்க்கை அப்படித்தான் இருக்கும். ஆனால் பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் ரீல்ஸ், பைக் வீலிங், சாதிப் பெருமை பேசும் வீடியோ, ஒரு பெண்ணைக் கேலி செய்த கமெண்ட் ஆகியவற்றை நீக்க வேண்டும். கத்தி கேக்குக்காக நம் ஊரிலேயே போலீஸ் வழக்குப் போடுகிறது. யாரையாவது காயப்படுத்தியிருந்தால் நீக்கினால் மட்டும் போதாது, அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்கச் சொல்லுங்கள். நண்பர்கள் டேக் செய்ததையும் பார்க்க வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

"அது எங்கள் குரூப்புக்குள் மட்டும்தானே" என்று தம்பி சொல்லலாம். 2017-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் குறைந்தது 10 மாணவர்களுக்குக் கொடுத்த இடத்தைத் திரும்பப் பெற்றது. அவர்கள் தனி ஃபேஸ்புக் குழு ஒன்றுக்குள் பகிர்ந்த அருவருப்பான மீம்ஸ்தான் காரணம். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அரசியல் கருத்து இருந்தால்? நாகரிகமாக எழுதியதை அழி என்று நான் எந்த மாணவனுக்கும் சொல்வதில்லை. அதிகாரி அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்பதற்கு என்னால் உத்தரவாதம் தரவும் முடியாது. அந்த முடிவை அவன்தான் எடுக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது படிப்பு, வேலை விவரங்களைப் போடும் லிங்க்ட்இன் தளத்தைப் பற்றித்தான். ரெஸ்யூமேயில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப், லிங்க்ட்இனில் அதுவே ஆறு மாதம் என்று இருக்கும். சீனியர் எழுதியதைப் பார்த்து இவனும் அப்படியே போட்டிருப்பான். நேர்காணலில் கேட்டால் திணறுவான். தேதி, பதவி, ப்ராஜெக்ட் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தைச் சமர்ப்பிக்கும் முன் இதைத்தான் முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.