ஜப்பானிய ராணுவ வாள்: முத்திரை சொல்வது என்ன?

கேள்வி: என்னிடம் உள்ள ஜப்பானிய அதிகாரி வாளின் கைப்பிடிக்குள், இரும்பு வாலில் சில எழுத்துகளும் ஒரு சிறு முத்திரையும் இருக்கின்றன. இது கைவேலையா, ஆலை வேலையா?

பதில்: பெயரை வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஆலை எஃகில் செய்த வாளிலும் கொல்லர் பெயர் வெட்டியிருப்பார்கள். முத்திரைதான் பேசும்.

இடப்பக்கம் நடுவே கோடு போட்ட பெட்டி, வலப்பக்கம் அடியில் ஒரு வெற்றுப் பெட்டி: அது ‘ஷோ’ எழுத்து. இரட்டைக் கதவு வாசல் போலிருந்தால் ‘செகி’, வாள் தொழிலுக்குப் பேர்போன ஊர். இரண்டுமே, மரபு முறையில் செய்யாத அலகு தணிக்கையில் தேறியது என்று காட்டுகின்றன. ஐந்துமுனை நட்சத்திரம் வேறு கதை. ராணுவம் நியமித்த கொல்லர்கள், ராணுவமே கொடுத்த தமஹகானே (இரும்பு மணலிலிருந்து எடுக்கும் மரபு எஃகு) எஃகில் அடித்தவை அவை. நங்கூரம் என்றால் கடற்படை. அந்த அலகுகளில் பல துருப்பிடிக்காத எஃகு. முத்திரையே இல்லை என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம்: டோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் 1933 முதல் 1945 வரை மரபு முறையில் அடித்த வாள்களில் பொதுவாகத் தணிக்கை முத்திரை கிடையாது.

வாலின் மறுபக்கத்தில் ஷோவா (ஜப்பானியப் பேரரசர் காலக் கணக்கு) ஆண்டு இருந்தால் 1925-ஐக் கூட்டுங்கள். ஷோவா 18 என்றால் 1943. சிவப்பிலோ வெள்ளையிலோ பெயின்ட் எண் தெரிந்தால் அது பாகங்களைப் பொருத்துவதற்கான குறி, கொல்லரோடு தொடர்பில்லாதது.

நட்சத்திரம் விலையை ஏற்றும். ஆகவே பிற்காலத்தில் போலியாகக் குத்தியவையும் உலவுகின்றன. முத்திரைக் குழியின் அடியிலும் சுற்றியுள்ள அதே கருந்துரு இருக்க வேண்டும். அடி மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். இதற்காகவே வாலின் துருவைத் தேய்க்கக் கூடாது. கம்பி பிரஷ் பட்டால் வயதைச் சொல்லும் சாட்சியும், மெல்லிய உளிக்கோடுகளும் சேர்ந்தே போய்விடும். எழுத்து தெரியாவிட்டால் முகப்பவுடரை லேசாகத் தூவி, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் படமெடுங்கள்.

வாலைப் பார்க்கக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் மூங்கில் ஆணி ஒருபக்கம் மெலிந்திருக்கும். அந்த முனையிலிருந்து மரக்குச்சியால் தள்ளுங்கள். சிலவற்றில் இரண்டு ஆணிகள் உண்டு. பிறகு கைப்பிடியை ஒரு கையில் பிடித்து, வாளை நிமிர்த்தி, கூர்முகம் உங்களுக்கு அப்பால் இருக்க, அந்தக் கையின் மணிக்கட்டில் மற்றக் கை முஷ்டியால் தட்டுங்கள். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், கைகாப்பைச் சுத்தியலால் அடித்தால் நசுங்கும்.

கேள்வி: என்னுடையது 95-ஆம் வகை, சார்ஜென்ட் போன்ற கீழ்நிலைப் படைத்தலைவர்களுக்கான வாள் என்கிறார்கள். இதையும் கழற்றித்தான் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1935-இல் அறிமுகமான அந்த வகை இயந்திர வேலை. கைப்பிடி திருகால் பிடித்திருக்கும், முக்கியமான குறிகள் வெளியிலேயே இருக்கும். அலகின் நீளப்பள்ளத்தில் அடிப்பக்கமாக வரிசை எண் தெரியும். உறையின் வாய்ப்பகுதியிலும் அதே எண் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் உறை இன்னொரு வாளுக்குரியது. எண்ணருகே உள்ள ஒற்றை எழுத்து தணிக்கை செய்த இடத்தைச் சொல்லும்: ‘ஹிகாஷி’ என்றால் டோக்கியோ, ‘மெய்’ என்றால் நகோயா. கைப்பிடிக் கழுத்தில் பின்னிய நான்கு வட்டங்கள் இருந்தால் கொக்குரா படைக்கலச் சாலை. தணிக்கைக் குறியையே தயாரிப்பாளர் குறி என்று விற்பவர்கள் எழுதுவது வழக்கம்; இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.